யோசுவா மரமும் அதற்குரிய அந்துப்பூச்சியும்

முன்னுரை

உயிர்கள் ஒன்றையொன்று சார்ந்து வாழ்வன என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும், சார்பெல்லாம் ஒரு தன்மையன அல்ல. வண்டு பல பூக்களில் தேன் நுகரும். ஒரு பூ வாடின் மற்றொன்றை நாடும். பூவும் அத்தகையதே, ஒரு வண்டு வாராதொழியின் வேறொரு வண்டோ ஈயோ அதன் தாதினைக் கொண்டு செல்லும். இச்சார்பு நெகிழ்ச்சி உடையது. இதற்கு மாறாக, ஒரு செடிக்கு ஒரே பூச்சி, அப்பூச்சிக்கு அச்செடியே என இறுகக் கட்டுண்ட சார்பும் இயற்கையில் உண்டு. அத்தகைய சார்புக்குத் தலையாய சான்றாக உயிர்நூலார் எடுத்துக்காட்டுவது யுக்கா என்னும் செடியினத்துக்கும் அதன் அந்துப்பூச்சிக்கும் உள்ள தொடர்பாகும். அவ்வினத்துள்ளும், வட அமெரிக்காவின் மொகாவிப் பாலைவனத்தில் வளரும் யோசுவா மரத்தின் வரலாறு தனிச்சிறப்புடையது.

இத்தொடர்பு எவ்வாறு இயங்குகின்றது, எதனால் நிலைபெறுகின்றது, இன்று எவ்வாறு இடருக்கு உள்ளாகியுள்ளது என்னும் மூன்றனையும் ஈண்டு ஆராய்கின்றோம். ஈருயிரையும் வாழவைக்கும் கட்டே அவ்விரண்டனையும் ஒருங்கே வீழ்த்தவும் வல்லது என்பதே இவ்வாராய்ச்சியின் முடிவாகும்.

தமிழாராய்ச்சி செய்வார்க்கு ஒரு பூச்சியின் வரலாற்றால் ஆவது யாது எனச் சிலர் வினவலாம். உயிர்களை நோக்கிப் பெயரிட்டு வகைப்படுத்துதல் தமிழ் மரபுக்குப் புதிதன்று. தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவு வகையால் ஆறாகப் பகுத்தார். தும்பியை நான்கறிவுடைய உயிர்களுள் வைத்தார். பெயர் பிழைபடின் பொருளுணர்வும் பிழைபடும் என்னும் உண்மைக்கு, இப்பூச்சியின் வரலாறு இருமுறை சான்று தருகின்றது. அதனாலும் இஃது எம் போன்றார்க்கு உரிய பொருளே ஆகும்.

1. சொல் வரையறை

பொருளுள் நுழையுமுன் இக்கட்டுரையில் ஆளப்படும் சொற்கள் சிலவற்றை வரையறுத்துக் கொள்ளுதல் வேண்டும்.

அந்து என்னும் சொல் முதற்கண் நெல் முதலாய கூலங்களை அரிக்கும் சிறு பூச்சியைக் குறித்தது. இன்று பள்ளி நூல்களில், வண்ணத்துப்பூச்சிக்கு உறவான, பெரும்பாலும் இரவில் இயங்கும் பூச்சிகள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராக ‘அந்துப்பூச்சி’ வழங்குகின்றது. விளக்கில் வீழும் விட்டிலும் இவ்வகையினதே. ஆயினும், விட்டில் என்னும் சொல் வெட்டுக்கிளியையும் குறித்தலின், ஐயம் நேராவண்ணம் அந்துப்பூச்சி என்பதனையே ஈண்டு ஆள்கின்றோம்.

பாலைவனம் என்னும் சொல்லும் கருதத்தக்கது. முல்லையும் குறிஞ்சியும் வேனிலின் வெம்மையால் தம் இயல்பு திரிந்து பாலை என்னும் வடிவு கொள்ளும் என்பது சிலப்பதிகாரம் கூறும் கருத்து. அப்பாலை பருவத்தால் வருவது. மழை பெய்யின் மாறுவது. மொகாவி அத்தகையதன்று. அஃது ஆண்டு முழுதும் நீர் குறைந்த நிலம். ஆதலின், இக்கட்டுரையில் வரும் பாலைவனம் என்பது இக்கால வழக்கிற் கூறப்படும் வறண்ட நிலத்தையே குறிக்கும். ஐந்திணையுள் ஒன்றனைக் குறியாது.

பூச்சியின் புழுவுக்கு உணவும் உறையுளும் தரும் செடியை ‘ஓம்புசெடி’ என்கின்றோம். பூவின் உறுப்புகளுள், வித்தாக மாறும் சூல்களைத் தன்னகத்தே கொண்டது சூலகம்; அதன்மேல் நிற்பது சூல்தண்டு; தாதினை ஏற்கும் உச்சி சூல்முடி. மகரந்தம் என்பதற்குப் பழந்தமிழ்ச் சொல்லாகிய தாது என்பதே போதும்.

2. நிலமும் மரமும்

மொகாவிப் பாலைவனம் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மேற்கில், கலிபோர்னியா, நெவாடா, யூட்டா, அரிசோனா ஆகிய நான்கு மாநிலங்களில் பரவிக் கிடக்கின்றது. கோடையிற் கடும் வெப்பமும், குளிர்காலத்தில் நீர் உறையும் தண்மையும் ஒருங்கே உடைய நிலம் அது. உயர்ந்த மேட்டுநிலங்களிற் பனியும் பொழியும்.

அம்மேட்டு நிலங்களுக்கு அடையாளமாய் நிற்பது யோசுவா மரம். யுக்கா பிரெவிஃபோலியா என்பது அதன் நூற்பெயர். மரம் என வழங்கினும், அது கற்றாழை, நீலக்கற்றாழை முதலியவற்றை நினைவூட்டும் கூரிய வாள் போன்ற இலைகளை உடையது. ஒருவித்திலைத் தாவர வகுப்பைச் சேர்ந்தது. கிளைகள் மேல்நோக்கி விரிந்து, கை உயர்த்தி நிற்கும் மாந்தரைப் போலத் தோன்றும். விவிலியத்து யோசுவா கை நீட்டி வழிகாட்டும் தோற்றத்தை நினைந்து, மோர்மன் சமயக் குடியேறிகள் இப்பெயரை இட்டனர் என்பது வழிவழிச் செய்தி.

இம்மரம் ஆண்டுதோறும் ஒருபடித்தாகப் பூப்பதில்லை. குளிரும் மழையும் ஏற்ற அளவில் அமைந்த ஆண்டுகளில் நிரம்பப் பூக்கும். ஏனைய ஆண்டுகளிற் சிறிதே பூத்தலும், பூவாதொழிதலும் உண்டு. பூக்குங்கால், கிளையின் நுனியில் பால்நிற வெண்மையுடைய தடித்த பூக்கள் கொத்தாய்த் தோன்றும். பூச்சியின் வாழ்வு முழுதும் இப்பூக்களைப் பற்றியே அமைகின்றது.

3. தானே காய்க்காத பூ

யுக்காப் பூவின் அமைப்பில் ஒரு வியப்பு உளது. அதன் தாது தூள்போற் பறப்பதன்று. பசைபோல் ஒட்டும் இயல்பினது. காற்று அதனைக் கொண்டு செல்ல இயலாது. தாதுப்பைகளும் சூல்முடியை எட்டாவண்ணம் தாழ்ந்தும் விலகியும் நிற்கின்றன. ஆதலின், பூ தன் தாதினைத் தானே பெறுதலும் எளிதன்று. ஐரோப்பியத் தோட்டங்களில் அழகிற்காக வளர்க்கப்பட்ட யுக்காச் செடிகள் பல்லாண்டு பூத்தும் பெரும்பாலும் காய்க்காமலே நின்றமைக்கு இதுவே காரணம். அங்கே செடி இருந்தது. அதற்குரிய பூச்சி இல்லை.

அமெரிக்காவின் செயின்ட் லூயிசு நகரில் வாழ்ந்த மருத்துவரும் செடிநூல் அறிஞருமான ஜார்ஜ் எங்கெல்மன் என்பார் 1872-இல் இவ்வமைப்பினை ஆராய்ந்து, பூச்சி ஒன்றின் துணையின்றி இப்பூக்கள் காய்த்தல் இயலாது எனத் துணிந்தார். பூக்களில் வெள்ளிய சிறு அந்துப்பூச்சிகள் திரிதலையும் கண்டார். மிசௌரி மாநிலத்துப் பூச்சியியல் அறிஞராகப் பணியாற்றிய சார்லசு வாலன்டைன் ரைலி என்பாரிடம் இச்செய்தியைக் கூறினார். ரைலி அப்பூச்சியின் செயலை அணுகி நோக்கி உலகிற்கு வெளியிட்டார். அதனைப் பயின்ற சார்லசு டார்வின், 1874-இல் தம் நண்பர் ஹூக்கருக்கு வரைந்த மடலில், பூக்கள் கருவுறுதல் பற்றி வெளிவந்த செய்திகளுள் இதுவே மிக வியத்தற்குரியது எனப் போற்றினார்.

ரைலி அப்பூச்சிக்கு முதற்கண் இட்ட பெயர் ‘புரோனூபா’ என்பது. பண்டை உரோமர் மணவினையில் மணமகளுக்குத் துணைநின்று அவளை மணவறைக்கு உய்க்கும் மணமான மூதாட்டியை அவர் மொழி இச்சொல்லாற் குறித்தது. அகநானூற்று 86-ஆம் பாட்டில் மணமகளை நீராட்டி வாழ்த்தும் மகளிர் நால்வரை நாம் காண்கின்றோம் அன்றோ! அத்தகைய துணைமையைப் பூவுக்குச் செய்வது இப்பூச்சி என்பது ரைலியின் கருத்து. ஆயின், அப்பெயர் முன்னரே வேறோர் உயிரினத்துக்கு உரியதாய் இருந்தமையின், பெயரிடு முறைப்படி ‘தெகெட்டிகுலா’ என்னும் பெயரே இன்று நிலைபெற்றுள்ளது.

4. பூச்சியின் தொழில்

ஏனைப் பூச்சிகள் தேனை நாடிப் பூவுட் புகும். தாது அவற்றின் உடலில் தற்செயலாய் ஒட்டும். மற்றொரு பூவில் தற்செயலாய் உதிரும். யுக்காவின் அந்துப்பூச்சியோ இவ்வாறு செய்வதன்று. பெண்பூச்சியின் வாயருகே சுருளவும் நீளவும் வல்ல இரண்டு உறுப்புகள் உள்ளன. யுக்காவுக்குத் தாதூட்டும் பூச்சிகளின் பெண்களுக்கன்றி, அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சி வகை எதற்கும் இவ்வுறுப்பு இல்லை. இதனைத் ‘தாதேந்தி’ என ஈண்டு வழங்குவோம்.

பெண்பூச்சி தாதுப்பையின்மேல் ஏறித் தாதேந்தியால் தாதினை வழித்தெடுக்கும். அதனை உருண்டையாகத் திரட்டித் தன் தலையின்கீழ் அணைத்துக்கொள்ளும். அவ்வுருண்டையில் 10,000 வரை தாதுத் துகள்கள் இருத்தல் கூடும் எனவும், அதன் எடை பூச்சியின் எடையிற் பத்தில் ஒரு பங்கை நெருங்கும் எனவும் ஆய்ந்தோர் கூறுவர். பின்னர் அது வேறு பூவை நாடிச் செல்லும்; அப்பூ முட்டையிடுதற்கு ஏற்றதா என நோக்கும்; முன்னரே வேறொரு பெண்பூச்சி வந்து சென்ற பூவாயின் அதனை மணத்தால் உணரும் ஆற்றலும் இவ்வினத்துக்கு உண்டு. ஏற்றதாயின், கூரிய முட்டைக்குழலைப் பூவினுட் செலுத்திச் சூல்களின் அருகே முட்டையிடும். இட்டபின், சூல்முடிக்கு ஏறித் தான் கொணர்ந்த தாதில் ஒரு சிறு பகுதியைத் தாதேந்தியால் எடுத்து அங்கே அழுத்தி வைக்கும். மீண்டும் முட்டை; மீண்டும் தாது.

யோசுவா மரத்துப் பூச்சி இதில் ஒருபடி வேறுபடுகின்றது. பிற யுக்காக்களில் முட்டைக்குழல் பெரும்பாலும் சூலகத்தின் சுவரைத் துளைத்துச் செல்லும். இங்கோ சூல்தண்டின் வழியாகத் துளைத்துக் கீழே சூல்களை அடைகின்றது. சிறிதாகத் தோன்றும் இவ்வேறுபாடு பின்னர்க் காணவிருக்கும் செய்தி ஒன்றற்கு அடிப்படையாகும்.

பூச்சி இவ்வளவும் செய்தல் தேனுக்காக அன்று. வளர்ந்த பூச்சி உணவை நாடுதல் அரிது. அதன் வாழ்நாளும் சின்னாட்களே. தன் புழுக்களுக்கு உணவாகும் வித்துகள் உண்டாதற்பொருட்டே அதன் முயற்சி முழுதும் அமைகின்றது. பூ காய்க்கவில்லையெனின் வித்து இல்லை. வித்து இல்லையெனின் புழுவுக்கு உணவில்லை.

5. பெயர் மயக்கத்தால் எழுந்த ஐயம்

ரைலியின் கூற்றை எல்லோரும் உடனே ஏற்றனர் அல்லர். யுக்காவில் தாம் கண்ட அந்துப்பூச்சிக்குத் தாதேந்தியே இல்லை எனவும், அது தாதெடுத்தலைத் தாம் காணவில்லை எனவும் சிலர் மறுத்தனர். அவர் கண்டதும் பொய்யன்று. ரைலி கண்டதும் பொய்யன்று. இரு திறத்தாரும் கண்ட பூச்சிகளே வேறு. ஒரே செடியில், ஒரே பருவத்தில், ஒத்த வெண்ணிறத்தோடு, உறவுடைய வேறொரு பூச்சியும் வாழ்கின்றது. அதன் புழு வித்தை உண்பதில்லை. பூக்காம்பு முதலிய பிற பகுதிகளை உண்ணும். அதற்குப் பூ காய்த்தலும் காயாமையும் ஒன்றே. ஆதலின் அது தாதினைத் தொடுவதில்லை.

ரைலி இதனைப் பிரித்தறிந்து, 1880-இல் ‘புரோடோக்சசு’ என்னும் புதுப்பேரினமாக அமைத்தார். அதன் சிற்றினப் பெயரை ஏமாற்றுவது என்னும் பொருள்பட இட்டார். இரு பொருளை ஒரு பெயரால் வழங்கியதால் எழுந்த பூசல், பெயரைப் பிரித்த அளவில் தீர்ந்தது. பாடவேறுபாட்டினையும் சொற்பொருள் மயக்கத்தினையும் ஆராய்வார்க்கு இந்நிகழ்ச்சி நன்கு விளங்கும். முரண்பட்ட இரு கூற்றுகளைக் காணும்போது, ஒன்று பிழையெனத் துணியுமுன், இரண்டும் ஒரே பொருளைப் பற்றியனவா என வினவுதல் வேண்டும்.

6. புழுவின் பங்கும் அதன் நீண்ட துயிலும்

முட்டையினின்று வெளிப்படும் புழு, வளரும் வித்துகளைத் தின்று காயினுள் வாழும். யுக்காவின் சூலகத்துள் வித்துகள் ஆறு வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன. ஒரு புழு அவ்வடுக்கிற் சிலவற்றையே தின்னும். எஞ்சியவை முதிர்ந்து மரத்தின் வழியை வளர்க்கும். எனவே, மரம் தன் வித்துகளில் ஒரு பகுதியைக் கூலியாகக் கொடுத்து, ஏனைய பகுதியைப் பெறுகின்றது.

முற்றிய புழு காயைத் துளைத்து வெளியேறி நிலத்தில் வீழும். மண்ணுட் புகுந்து கூடு கட்டித் துயிலும். அடுத்த ஆண்டே எல்லாப் புழுக்களும் பூச்சியாய் வெளிவருவதில்லை. சில ஓராண்டு, சில ஈராண்டு, சில அதனினும் பல்லாண்டு துயில்கின்றன. மேலே கூறிய புரோடோக்சசு என்னும் உறவினத்துப் புழுக்களை வளர்த்து நோக்கிய ஜெர்ரி பவல் என்னும் அறிஞர், 20, 25, 30 ஆண்டுகள் துயின்றபின் அவை பூச்சியாய் வெளிப்பட்டமையை 2001-இல் எழுதினார். பூச்சிகளின் துயிலுள் நெடியதாக அஃது அன்று குறிக்கப்பெற்றது.

இத்துயிலின் பயன் தெளிவு. மரம் ஆண்டுதோறும் பூப்பதில்லை. எல்லாப் பூச்சிகளும் ஒரே ஆண்டில் வெளிவந்து, அவ்வாண்டு மரம் பூவாதொழியின் இனமே அழியும். பல ஆண்டுகளுக்குப் பகுத்து வெளிவருதலால், ஒரு சில பூச்சிகளேனும் பூக்கும் ஆண்டினை எய்துகின்றன. விதைநெல் முழுவதையும் ஒரே மழைக்கு நம்பி விதையாத உழவனின் செயலை இஃது ஒக்கும். ஆயின் உழவன் எண்ணிச் செய்கின்றான், புழு எண்ணுவதில்லை.

7. கட்டு நிலைபெறுங் காரணம்

ஈண்டு ஒரு வினா எழுகின்றது. பூச்சி பேராசை கொண்டு ஒரே பூவில் மிகுதியான முட்டைகளை இட்டால் வித்துகள் முழுதும் அழியுமன்றோ? அதனைத் தடுப்பது யாது?

யுக்கா ஃபிலமென்டோசா என்னும் சிற்றினத்தை ஆராய்ந்த ஒல்லே பெல்மிர், சாட் ஹூத் ஆகிய இருவரும் 1994-இல் இதற்கு விடை கூறினர். மிகுதியான முட்டைகள் இடப்பட்ட பூக்களைச் செடி சின்னாட்களில் உதிர்த்துவிடுகின்றது. உதிர்ந்த பூவிலுள்ள முட்டைகள் யாவும் அழியும். நன்கு தாதூட்டப்பெற்று, அளவாக முட்டை கொண்ட பூக்களே காயாகின்றன. இதனால், மிகுதியாக இடும் பூச்சியின் வழி சுருங்கும். அளவறிந்து இடும் பூச்சியின் வழி பெருகும்.

ஆயினும் இக்காவலையும் கடந்த பூச்சிகள் உள்ளன. தெகெட்டிகுலாப் பேரினத்திலேயே தாதேந்தியை இழந்த சிற்றினங்கள் சில உள. இவை, பூக்கள் உதிரும் காலம் கடந்து காய்கள் உருவானபின் வந்து முட்டையிடுகின்றன. செடி இனி உதிர்க்காது என்னும் நிலையில், பிற பூச்சியின் உழைப்பால் விளைந்த வித்துகளை இவற்றின் புழுக்கள் உண்கின்றன. தாதூட்டும் முன்னோரிடமிருந்தே இவை தோன்றின என்பதும், அவ்வாறு தோன்றியது ஒருமுறையன்று என்பதும் அறியப்பட்டுள்ளன. ஆகவே இக்கட்டு அறத்தால் நிற்பதன்று. மீறுவார்க்கு இழப்பு நேருமளவும் நிற்பது. இழப்பின்றி மீறும் வழி உண்டாயின் மீறுவாரும் உண்டாவர்.

8. ஒப்புரவா, கொள்வினை கொடுப்பினையா?

இத்தகைய தொடர்பைத் தமிழில் யாது சொல்லாற் குறிப்பது என்பது கலைச்சொல் ஆக்குவார் முன்நிற்கும் வினா. ஒப்புரவு என்னும் இனிய சொல் நம்மிடம் உள்ளது. ஆயின், திருவள்ளுவர் ஒப்புரவறிதல் என்னும் அதிகாரத்தை, கைம்மாறு வேண்டாத கடப்பாட்டுக்கு மழையைச் சான்று காட்டியே தொடங்குகின்றார். அறிந்து செய்வதும், பயன் கருதாது செய்வதும் ஒப்புரவு. பூச்சி அறிந்து செய்வதுமன்று. மரம் பயன் கருதாது கொடுப்பதுமன்று.

பூச்சி வருங்காலத்தை எண்ணித் தாதினை வைக்கின்றது எனக் கொள்ளுதல் பொருந்தாது. முன்னொரு காலத்து, முட்டையிட்ட பூவில் தாதினையும் விட்ட பூச்சிகளின் புழுக்கள் உணவு பெற்றன. விடாத பூச்சிகளின் புழுக்கள் பட்டினியால் இறந்தன. வாழ்ந்தவற்றின் இயல்பே வழிவழி வந்தது. இத்தொடர்பு ஏறத்தாழ 4 கோடி ஆண்டுகட்கு முன் தோன்றியிருத்தல் வேண்டும் என 1999-இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்று கணித்தது. அத்துணை நெடுங்காலத் தெரிவின் பயனே இன்று நோக்கமுடைய செயல்போல் நமக்குத் தோன்றுகின்றது.

இதற்கு, இரு குடிகள் தம்முள் பெண் கொண்டும் கொடுத்தும் உறவு பேணுதலைக் குறிக்கும் ‘கொள்வினை கொடுப்பினை’ என்னும் வழக்கே நெருங்கியது என்பது எம் கருத்து. அதில் இரு திறத்தார்க்கும் பயன் உண்டு. அளவு பிறழின் உறவு முறியும். உரோம மணவினைச் சொல்லை ரைலி நாடியதும் இதனோடு ஒருவாறு இயைகின்றது.

9. பூச்சியால் அறியப்பட்ட மரம்

யோசுவா மரத்துக்குத் தாதூட்டும் பூச்சிக்குத் தெகெட்டிகுலா சிந்தெடிகா என ரைலி 1892-இல் பெயரிட்டார். அதன்பின் நூறாண்டுக்கு மேலாக, மொகாவி முழுதும் அவ்வொரு பூச்சியே உளது எனக் கருதப்பட்டது. 2003-இல் பெல்மிர், சேகிரேவ்சு ஆகியோர் உடலமைப்பையும் மரபுப்பொருளையும் ஒப்புநோக்கி, மேற்கில் வாழ்வதும் கிழக்கில் வாழ்வதும் இருவேறு சிற்றினங்கள் எனக் கண்டனர். கிழக்கத்திய சிறு பூச்சிக்குத் தெகெட்டிகுலா ஆன்டிதெடிகா எனப் பெயர் அமைந்தது.

இவ்வாறு பூச்சி இரண்டென அறியப்பட்டமை, மரத்தையும் மீண்டும் நோக்கச் செய்தது. மேற்கு மரம் உயர்ந்து நின்று பின் கிளைக்கும். கிழக்கு மரம் குட்டையானது, அடியிலேயே கிளைக்கும், இலையும் குறுகியது. இவ்வேறுபாட்டைச் செடிநூலார் முன்னரே குறித்திருந்தும், ஒரே மரத்தின் வகை எனவே பெரும்பாலும் கொண்டனர். பூவினுள் நோக்கியபோது மேலும் கூரிய வேறுபாடு புலப்பட்டது. மேற்கு மரத்துப் பூவின் சூல்தண்டு நீண்டது. அதற்கேற்ப மேற்குப் பூச்சியின் முட்டைக்குழலும் நீண்டது. கிழக்கில் இரண்டும் குறியன. சூல்தண்டின் வழியே முட்டைக்குழல் செல்லவேண்டுதலின், இவ்விரண்டின் அளவும் ஒத்திருத்தல் இன்றியமையாதது. இதனை 2008-இல் காட்சே முதலியோர் அளந்து காட்டினர். 2007-இல் கிழக்கு மரத்தை யுக்கா ஜேகெரியானா எனத் தனிச் சிற்றினமாக லென்சு என்பார் உயர்த்தினார்.

நெவாடாவின் திகபூ பள்ளத்தாக்கில் இருவகை மரங்களும் அடுத்தடுத்து நிற்கின்றன. இருவகைப் பூச்சிகளும் பறக்கின்றன. அங்கே நோக்கியபோது, ஒவ்வொரு பூச்சியும் தனக்குரிய மரத்திலேயே பெரிதும் காணப்பட்டது. மாறிச் சென்று முட்டையிட்ட வழி, அதன் புழுக்கள் நன்கு செழித்தில. இரு மரங்களும் வாழும் இடங்களின் தட்பவெப்பம் பெரிதும் ஒத்தே காணப்படுதலின், இப்பிரிவுக்கு நிலம் ஒன்றே காரணம் எனல் அமையாது. ஓம்புசெடி பூச்சியை வடித்தது. பூச்சி ஓம்புசெடியை வடித்தது. இரு பொருளை ஒரு பெயரால் வழங்கிய பிழை ஈண்டும் நிகழ்ந்து, நுணுகிய நோக்கால் நீங்கியமை காண்க.

10. இன்றைய இடர்

இத்துணை நுட்பமாய்ப் பொருந்திய கட்டு, புறச்சூழல் மாறாதிருக்கும்வரை வலியது. அது மாறத் தொடங்கின், வலிமையே மெலிவாகின்றது. மொகாவி வெப்பமடைந்து வருகின்றது. இளங்கன்றுகள் நீண்ட வறட்சியைத் தாங்குவதில்லை. தாழ்நிலங்களிற் பல இடங்களில் முதிய மரங்கள் நிற்க, அவற்றின்கீழ் இளங்கன்றுகளைக் காண்டல் அரிதாகி வருகின்றது.

வெப்பம் மிகின் மரம் குளிர்ந்த மேட்டுக்கோ வடக்குக்கோ பெயர்தல் வேண்டும். மரம் வித்தாலன்றிப் பெயர்தல் இயலாது. இதன் காய் தானே வெடிப்பதன்று. வித்துக்கு இறகும் இல்லை. இன்று அணில், எலி முதலிய சிறு கொறிவிலங்குகளே வித்துகளைக் கவர்ந்து மண்ணிற் புதைத்து வைக்கின்றன. அவற்றுள் மறக்கப்பட்டன முளைக்கின்றன. அவ்விலங்குகள் செல்லும் தொலைவு சிறிது. முற்காலத்து இந்நிலத்தில் வாழ்ந்து மறைந்த பெருந்தரைச் சோம்பி விலங்கு யோசுவா மரத்தை உண்டமை, நெவாடாவின் ஜிப்சம் குகையிற் கிடைத்த அதன் உலர்ந்த சாணத்தால் அறியப்படுகின்றது. அது வித்துகளை நெடுந்தொலைவு கொண்டு சென்றிருத்தல் கூடும் என அறிஞர் கருதுவர். இன்று அத்துணையும் இல்லை.

மரம் ஒருவாறு பெயரினும், பூச்சியும் உடன் பெயர்தல் வேண்டும். யோசுவா மரத் தேசியப் பூங்காவில் வெவ்வேறு உயரங்களில் ஆராய்ந்து ஹாரோவர், கில்பர்ட்டு ஆகியோர் 2018-இல் வெளியிட்ட செய்தி இதில் கவலை தருவது. நடுத்தர உயரங்களில் மரமும் பூச்சியும் ஒருங்கே மிக்கிருந்தன. மிக உயர்ந்த எல்லையில் மரங்கள் பூத்தும் பூச்சி காணப்படவில்லை. அங்கே மரங்கள் வேரடிக் கிளைப்பால் தம்மைப் பெருக்கிக் கொண்டனவே அன்றி வித்தால் அன்று. பூத்தும் காயாத ஐரோப்பியத் தோட்டத்து யுக்காக்களின் நிலையை இம்மரங்கள் தம் தாய்நிலத்திலேயே எய்திவிட்டன.

தீயும் பெருங்கேடாய் வந்துள்ளது. அயல்நாட்டினின்று வந்து பரவிய ஒருபருவப் புற்கள், முன்பு வெற்றிடமாய் இருந்த மரங்களின் இடைவெளியை நிரப்பி, தீ ஒரு மரத்தினின்று மற்றொரு மரத்துக்குச் செல்ல வழி செய்கின்றன. 2020 ஆகத்துத் திங்களில், மொகாவித் தேசியக் காப்பகத்துச் சீமா குன்றுப் பகுதியில் மின்னலால் எழுந்த தீ, 43,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை எரித்தது. ஏறத்தாழ 13 இலட்சம் யோசுவா மரங்கள் அதில் அழிந்தன எனக் கணித்துள்ளனர். மரம் பூக்கும் பருவத்தை அடையப் பல்லாண்டு ஆகும். மண்ணுள் துயிலும் புழுக்களுள் தீயினின்று தப்பியவை உளவாயினும், அவை விழித்தெழும் ஆண்டில் அருகே பூ இல்லையெனின் அவற்றின் நெடுந்துயில் பயனின்றி முடியும்.

மேற்கு மரத்தைக் காக்கக் கலிபோர்னியா மாநிலம் 2023-இல் தனிச்சட்டம் ஒன்று இயற்றியது. இசைவின்றி மரத்தை வெட்டுதலை அது தடுக்கின்றது. போற்றத்தக்க செயலே. ஆயினும், சட்டம் கண்ணுக்குத் தெரியும் மரத்தையே பெயர் சுட்டுகின்றது. மரத்தை மட்டும் வேலியிட்டுக் காத்து, பூச்சி வாழும் மண்ணும் பூக்கும் பருவமும் கெடின், நிற்கும் மரங்கள் வாழ்ந்தும் வழியற்றனவாகும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், யோசுவா மரமும் அதன் அந்துப்பூச்சியும் தத்தம் பயன் கருதி இயங்கியும் ஒன்றையொன்று வாழவைத்தல் அறியப்பட்டது. தாதேந்தி, சூல்தண்டின் நீளம், புழுவின் துயில், பூவுதிர்வு ஆகிய ஒவ்வொன்றும் மற்றதன் இருப்பை முன்னிறுத்தியே அமைந்துள்ளன. இக்காரணத்தால் ஒன்றன் அழிவு மற்றதன் அழிவும் ஆகின்றது.

இரு பூச்சிகளை ஒன்றெனக் கொண்டபோது ரைலியின் உண்மை மறுக்கப்பட்டது. இரு மரங்களை ஒன்றெனக் கொண்டபோது அவற்றின் வேறுபட்ட தேவைகள் மறைந்து கிடந்தன. காக்க வேண்டிய பொருள் இன்னது என அறியாமல் காத்தல் இயலாது. ஒரு காட்டைக் காப்போர் அங்குள்ள உயிர்களை எண்ணுதலோடு அமையாது, எவ்வுயிர் எதனோடு கட்டுண்டது என்பதனையும் எண்ணுதல் வேண்டும். அத்தகைய நுண்ணிய அறிவைத் தமிழிற் சொல்லுதற்கேற்ற சொற்களை நாம் முறைப்பட அமைத்துக்கொள்வோமாயின், பிற நாட்டுப் பாலைவனத்து மரத்தின் வரலாறும் நம் மொழிக்கு ஆக்கம் தரும்.